சமாதானக் காட்சியில் கையைப் பாருங்கள்
பகைவீட்டுக் காதல் எழுதுகிறவர்கள் பலர் சமாதானத்தைக் கடைசிப் பத்தியில் அவசரமாக ஒட்டுகிறார்கள். அது ஒட்டாது. இரு பக்கமும் என்ன இழந்தது என்று முதலில் கணக்கெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுதால் வாசகர் நம்பமாட்டார்.

‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ஜூலியட் செத்ததுபோல் கிடக்கக் குடிக்கும் மயக்க மருந்துக்கு 42 மணி நேரக் கெடு. அதை ரோமியோவுக்குச் சொல்லும் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டிய துறவியோ கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபடுகிறார். கவிழ்த்தது கடிதம், காதல் இல்லை.

இருவரும் இறந்துகிடக்கும் கல்லறையில் சமாதானத்துக்கு முதலில் கை கேட்பவர் பெண்ணைப் பெற்ற கேபுலெட். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் தரவேண்டிய சீர் அந்தக் கைதானாம், சம்பந்தி பேச்சேதான். ரோமியோவின் அப்பா மாண்டேகு உடனே ஜூலியட்டுக்குத் தங்கச் சிலை என்கிறார். ரோமியோவுக்கும் அதற்கு ஈடாக வைப்பேன் என்கிறார் கேபுலெட். அங்கேயும் போட்டி விடவில்லை, பாருங்கள்!