காலி செப்டிக் டேங்க் மிதக்கும், நம்புங்க

மச்சான் முடிச்சூர் பக்கம் வீடு கட்டுறாரு. 2015 சென்னை வெள்ளத்துல டிவில பேரு ஓடிட்டே இருந்துச்சே, அதே முடிச்சூர்தான். மழைக்காலத்துல அங்க கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறும். அந்த மண்ணுல ரெடிமேட் கான்கிரீட் டேங்க் ஒண்ணு கிரேன்ல இறக்கிடலாம், சட்டுனு வேலை முடிஞ்சிடும்னு மேஸ்திரி சொல்ல, தண்ணி ஏறுனா மேல தூக்கிடாதா அண்ணேன்னு கேட்டேன். டன் கணக்குல வெயிட்டு சார், அது எங்க போகப்போகுதுன்னு சிரிச்சாரு.

கணக்கு போட்டுக் காட்டினேன். வெளி அளவு 10 அடி, 5 அடி, ஆழம் 6 அடின்னா 300 கன அடி, அதாவது ஏறக்குறைய 8500 லிட்டர். சுத்தி மேல்மட்டம் வரைக்கும் தண்ணி நின்னா 8.5 டன் அளவுக்கு மேல தள்ளும். 4 இஞ்ச் சுவர் போட்ட டேங்க் மூடியோட சேர்த்தும் 6 டன் வராது. உள்ள தண்ணி நிறைஞ்சிருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல, கார்த்திகை மழையில லாரியைக் கூப்பிட்டு மொத்தமா உறிஞ்சி எடுக்கிற அன்னிக்குத்தான் டேங்க் மேல கிளம்பும், அதோட பைப் ஜாயின்ட் எல்லாம் புட்டுக்கும்.

இதுக்கு வழி இருக்கு. அடி ஸ்லாபை சுவருக்கு வெளிய சுத்திலும் ஒரு அடி நீட்டிப் போட்டா மேல விழுற மண்ணே அமுக்கிப் பிடிச்சுக்கும். கம்பி, கான்கிரீட் செலவு கொஞ்சம் கூடும் அவ்ளோதான். டேங்க் ரெடியானதும் தண்ணி நிரப்பிடணும், அப்படியே ஒழுகுதான்னும் பாத்துக்கலாம். கழிவு எடுக்கிறதை கோடையில வச்சுக்கணும்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாலு சிமென்ட் உறை இறக்கிட்டுப் போங்க தம்பி, டேங்க்லாம் எதுக்குன்னாரு. அடி மூடாத உறைன்னா அது டேங்க்கே இல்ல, குழி. கழிவு நேரா நிலத்தடி தண்ணிலதான் கலக்கும். டேங்க் கட்டினாலும் அதுல இருந்து வர்ற தண்ணிய மண்ணுக்குள்ள இறக்க சோக் பிட்னு ஒரு உறிஞ்சு குழி வேணும். செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரக் கோட் ஐ.எஸ். 2470 அந்த சோக் பிட்டுக்கும் கிணத்துக்கும் நடுவுல 18 மீட்டர் கேக்குது, நம்ம 30க்கு 40 ப்ளாட்டோட நீளமே 12 மீட்டர்தான், இதுல போர் எங்க போடுறது சோக் பிட் எங்க போடுறது சொல்லுங்க. மூலைக்கு மூலை வச்சாலும் பத்தாது. நம்ம இடத்துக்குள்ள தள்ளி வச்சாலும் அடுத்த வீட்டு போருக்குப் பக்கத்துல போயிடும், இதை யாரும் யோசிக்கிறதே இல்ல.

சைஸ் விஷயத்துலயும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஆசை, பெருசா கட்டிட்டா பதினஞ்சு வருஷம் திறக்கவே வேணாம்னு. 5 பேருக்கு அந்த கோட்ல இருக்கிறது ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணி ஆழம், அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை எடுக்கிற கணக்குல. விட்டுட்டா அடியில சேறு ஏறி ஏறி சோக் பிட்டுக்குள்ள போய் அடைச்சுக்கும். டேங்க்கை ரெண்டு அறையா பிரிக்கிற குறுக்குச் சுவரும் நடுவுல வராது, உள்ள வர்ற பக்கத்துல இருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி வரணும். ரெண்டு முனையிலயும் டீ (T) வடிவ பைப் கண்டிப்பா, இல்லேன்னா மேல மிதக்கிற எண்ணெய்ப் படலம் அப்படியே வெளிய போயிடும். வெளிய போற பைப் உள்ள வர்றதைவிட 2 இஞ்ச் கீழ இருக்கணும், ஸ்லாப் போடுறதுக்கு முன்னாடி தண்ணி நிரப்பின டியூப்ல மட்டம் வச்சு நீங்களே பாருங்க, மூடிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

மூடி மேல டைல்ஸ் ஒட்டாதீங்க ப்ளீஸ். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வச்சா லாரி ஹோஸ் நேரா உள்ள போகும், ஆள் இறங்க வேண்டிய பேச்சே வராது. உள்ள இருக்கிற கேஸ் நிமிஷத்துல ஆளைச் சாய்ச்சிடும், மனுஷக் கழிவை மனுஷனே அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படியும் பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்கி சுத்தம் பண்ண வைக்கிறது குத்தம்.

மேஸ்திரி கடைசியில அடி ஸ்லாபை நீட்டிப் போட ஒத்துக்கிட்டாரு. மூடி விஷயத்துல மச்சான்தான் இன்னும் போர்டிகோ டைல்ஸ் டிசைன் கெட்டுப்போகுமேன்னு இழுத்துட்டு இருக்காரு.