அடுப்புப் படங்களை வைத்து ஏழாம் வகுப்பில் உலகம் பேசிய அனுபவம்

வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு என்று உலக நாடுகளுக்காக ஐ.நா. சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த சார்ட்டுகளில் பாதி, கலர் கட்டங்களில் இலக்குகளின் பெயரை மட்டும் போட்டிருந்தன. மீதியில் ஒட்டிய வயிறோடு ஓர் ஆப்பிரிக்கக் குழந்தை. அந்த மாதிரிப் படத்தை நான் வகுப்பில் மாட்டவே மாட்டேன். பார்க்கிற பிள்ளைக்கு "ஐயோ பாவம்" என்பதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றாது.

கடைசியில் கைகொடுத்தது டாலர் ஸ்ட்ரீட். சுவீடனைச் சேர்ந்த கேப்மைண்டர் அமைப்பின் இணையதளம் அது. பல நாட்டுக் குடும்பங்களின் அடுப்பு, பல் துலக்கும் பிரஷ், படுக்கை, கழிப்பறை என எல்லாவற்றையும் படமெடுத்து வருமான வரிசையில் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பள்ளியில் நெட்டை நம்பிப் பாடம் எடுக்க முடியாது. அதனால் அடுப்புப் படங்களை மட்டும் வீட்டிலேயே டவுன்லோடு செய்து, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்துகொண்டேன். நாடும் வருமானமும் பின்பக்கம். அதில் இருக்கும் டாலர் தொகை அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்தது. இன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி ரூபாயாக்கிச் சொல்லிவிடாதீர்கள், கணக்கு தப்பாகிவிடும்.

குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து, "எது எந்த ஊர் அடுப்பு?" என்று கேட்டேன். மூன்று கல் கூட்டிய விறகடுப்பெல்லாம் ஆப்பிரிக்கா, பளபளக்கும் கேஸ் அடுப்பெல்லாம் அமெரிக்கா என்று மளமளவென்று பிரித்துவிட்டார்கள். படத்தைத் திருப்பியதும் ஒரே கூச்சல். கேஸ் அடுப்புகளில் ஒன்று நைஜீரியா வீட்டில் இருந்தது, கல் அடுப்புகளில் ஒன்று நம் இந்தியாவில்.

"அப்போ நாட்டை வெச்சு சொல்ல முடியாதா டீச்சர்?" என்றான் ஒருவன். இந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். அதே படங்களை வருமானப்படி தரையில் அடுக்கச் சொன்னேன். குறைந்த வருமானப் பக்கத்தில் ஆப்பிரிக்க நாடான புருண்டியின் அடுப்பும் இந்திய அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. இரண்டிலும் அதே கரி, அதே நெளிந்த பாத்திரம். பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

விறகுப் புகையில் தன் ஆயாவுக்கு இருமல் நிற்காது என்று ஒரு மாணவி தானாகவே சொன்னாள். அங்கிருந்து ஏழாவது இலக்கான தூய எரிசக்திக்குப் போவது எளிதாயிற்று. உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னும் புகையும் அடுப்பில்தான் சமைக்கிறார்கள் என்றும், வீட்டுக்குள் சூழும் புகை 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். முதலிலேயே எழுதியிருந்தால் நோட்டில் காப்பி எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"உங்க வீட்ல என்ன அடுப்பு?" என்று மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும். இதேபோல் கழிப்பறைப் படங்களை வைத்துப் பாடம் நடத்த நினைக்கும் ஆசிரியர்கள், தங்கள் வகுப்பில் யார் யார் வீட்டில் அந்த வசதி இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.