றூமுக்கு முதல் கக்கூஸ் குழிய யோசியுங்கோ

எங்கட வீடு யாழ்ப்பாணம் கொக்குவில்ல அப்பப்பா கட்டினது. சுண்ணாம்புக்கல்லுச் சுவர், பனங்கைமரம், ஓடு. ஹோல், சாமியறை, ரெண்டு சின்ன அறை, பின்னுக்குக் குசினி, கக்கூஸ் வளவின்ர கோடியில. கலியாணம் கட்டி 11 வருசமா ராவில மழை எண்டாலும் குடையும் ரோச்சும் பிடிச்சுக்கொண்டுதான் போறது. எங்களுக்கெண்டு வடிவான பெரிய அறை ஒண்டு, அதுக்குள்ளயே பாத்றூம், உடுப்புக்குச் சுவர் அலுமாரி, இது மூண்டும்தான் நானும் இவரும் கன வருசமா கதைச்ச கதை.

போன வருசம் தொடங்கினம். நான் முதல் செய்தது போனில படம் பாத்து ரைல்ஸ் கலர் தெரிஞ்சது, கட்டில் எங்க வரும் எண்டு கொப்பியில கீறினது. மேசன் அண்ணை கொப்பிய வாங்கிப் பாத்துட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "தங்கச்சி, குழி எங்க வெட்டிறது?" எனக்குப் பதில் வரேல்ல.

யாழ்ப்பாணத்தில அறையோட பாத்றூம் கட்டுற ஒவ்வொருத்தரும் இதில கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, மழைத்தண்ணி கீழ போய்ச் சுண்ணாம்புக்கல்லுக்க நிக்கிறதைத்தான் கிணத்தால அள்ளிக் குடிக்கிறம். மேல மண் தடிப்பா இருந்தா குழித்தண்ணி அதுக்குள்ளால ஊறிப் போகேக்க கொஞ்சமாவது வடிபடும், ஆனா எங்கட பக்கம் கொஞ்சம் கிண்டினாலே கல்லு, கல்லில வெடிப்பும் பொந்தும், அதுக்குள்ளால போற தண்ணி வடிபடாமலே பக்கத்துக் கிணத்துக்குப் போயிடும். அடி கட்டாத குழியில இருந்து கிருமியும் போகும் நைத்திரேற்று எண்ட உப்பும் போகும். தோட்டத்துக்குப் போடுற உரத்தாலயும் ஏற்கெனவே எங்கட தண்ணியில அது கூட. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை எண்டு சொல்லுது, போத்தில் பால் குடிக்கிற கைக்குழந்தையளுக்குத்தான் அது கூடின ஆபத்து, தண்ணியக் கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது. கன பேர் கொதிக்க வைச்சாச் சரி எண்டு நினைக்கினம், அதாலதான் எழுதுறன்.

பெரியப்பா கன்னி மூலையிலதான் பெரியறை வரோணும் எண்டு நிண்டவர். எங்கட கிணறு ஈசான மூலையில, அப்ப தென்மேற்கில அறையும் குழியும் எண்டா கிணத்துக்கு நல்ல தூரம், எல்லாருக்கும் சந்தோசம். மேற்குச் சுவரோட பாத்றூம், மதில் கரையோட குழி எண்டு பிளானும் கீறியாச்சு. பிறகு ஒருநாள் உடுப்புக் காயப்போடேக்க மதிலுக்கு மேலால பாக்கிறன், பக்கத்து வீட்டு அக்காவின்ர கிணறு! ரேப் பிடிச்சா குழி வர்ற இடத்தில இருந்து 22 அடி. அவவின்ர மகள் அப்பதான் பிள்ளைப்பேத்துக்கு வந்து நிண்டவ. எங்கட கிணத்துக்கு மட்டும் அளந்துட்டு இருந்தது நினைச்சா இப்பவும் மனசு கஷ்ரமா இருக்கு.

பிளானைத் திருப்பிக் கீறினம். பாத்றூமை மேற்கில இருந்து எடுத்துத் தெற்குச் சுவரின்ர கிழக்குப் பாதிக்குக் கொண்டுவந்தம், குழி தெற்கு றோட்டுப்பக்கம், ரெண்டு கிணத்துக்கும் 60 அடிக்கு மேல. ஆனா தூரத்தை மட்டும் நம்பேல்ல. ரெண்டு அறை வைச்ச தொட்டி, அடிக்குக் கொங்கிறீட், உள்ளுக்குச் சீமெந்துப் பூச்சு. அதில இருந்து வர்ற தண்ணி ஆழக் குழிக்குப் போகாமல் கல்லுக்கு மேலயே மண் ஏத்தி, மணலும் சல்லியும் போட்ட ஒரு படுக்கைக்குப் போகுது, சுத்திவர வாழை. குளிக்கிற தண்ணி வேற பைப்பில தென்னைக்கு. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்துத்தான் பிரதேச சபையில பிளான் பாஸானது. காசு கூடத்தான் முடிஞ்சது, ரைல்ஸை விலை குறைஞ்சதா எடுத்தன்.

இதால தெற்குச் சுவரில பாதி போச்சு. அது எனக்குக் கவலை, வைகாசியில இருந்து வீசிற சோளகம் அந்தப் பக்கத்தாலதான் வரும். மிச்சப் பாதியில 5 அடி யன்னல் ஒண்டும் மேற்கில ஒண்டும் வைச்சம், இப்ப ராவில ஃபான் மெல்லமா விட்டாலே காணும்.

பழைய வீட்டோட புது அறையப் பொருத்திறதுதான் அடுத்த பாடு. மேசன் அண்ணை பழைய சுவரைக் கொத்திப் புதுக் கல்லைக் கோத்துக் கட்டுவம் எண்டார், இஞ்சினியரா இருக்கிற மச்சான் விடேல்ல. பழையது இருந்து இறுகின சுவர், புது அத்திவாரம் இனித்தான் இருக்கப்போகுது, கோத்தா வெடிக்கும், இடைவெளி விட்டு மூடுங்கோ எண்டார். அந்த இடம் இண்டைக்கும் நல்லா இருக்கு. ஓட்டுக்கும் புதுக் கூரைக்கும் நடுவில வைச்ச பீலிதான் ஐப்பசி மழைக்கு நிரம்பி உள்ளுக்கு வழிஞ்சது, அகலமானதா மாத்தினாப் பிறகு சரி.

பாத்றூம் நிலத்துக்கு வந்த வேற ஆள் வாட்டம் பிழையா வைச்சுட்டார், தண்ணி வாசலடியில நிண்டது, ஒட்டின ரைல்ஸை உடைச்சுத் திருப்பிப் போட்டது. ரைல்ஸ் ஒட்ட முதல் ஒரு வாளி தண்ணி ஊத்தி ஓடுதோ எண்டு பாருங்கோ, பிறகு ஓட்டையை அடைச்சுத் தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டுச் சுவர் கசியுதோ எண்டும் பாருங்கோ. கண்ணாடித் தடுப்பு போடேல்ல, எங்கட தண்ணியின்ர கல்லு வெள்ளையாப் படிஞ்சிடும். வாசலை 3 அடி அகலம் வைச்சம், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நாளைக்கு எங்களுக்கும் வேணும்.

சுவர் அலுமாரிக்கு இன்னும் கதவு போடேல்ல. வளவில விழுந்த வேம்பை அரிஞ்சு பலகை காய விட்டிருக்கு, ஓடாவி இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் எண்டவர். அதுவரைக்கும் அம்மாவின்ர பழைய நூல் சேலை ஒண்டு தொங்குது.