தொலைபேசிக்காரர் கட்டிய ஆர்கன்

மின் பேனல்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கும் என்னிடம், "ரெண்டையும் எப்படிப்பா சமாளிக்கிற?" என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்குச் சொல்வதற்காகவே ராபர்ட் ஹோப்-ஜோன்ஸின் கதையை வைத்திருக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டால் அது எனக்குச் சாதகமான கதை.

1859இல் இங்கிலாந்தின் செஷையரில் பிறந்த அவர், லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பிர்கன்ஹெட்டில், லேர்ட் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகி, பின்பு தொலைபேசி நிறுவனமொன்றில் தலைமை மின்பொறியாளரானார். அவ்வூர்ப் புனித யோவான் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் பாடகர் குழுவை நடத்தியவரும் அவரே.

அக்காலக் குழாய் ஆர்கன்கள் பலவற்றில் விரலுக்கும், ஒலிக்கும் குழாய்க்குக் காற்றைத் திறந்துவிடும் காற்றுப்பெட்டி அடைப்பானுக்கும் இடையே இருந்தவை மரச்சட்டங்களும் நெம்புகோல்களுமே. அடைப்பானை உள்ளிருக்கும் காற்றழுத்தம் இறுக மூடி வைத்திருப்பதால், ஒவ்வொரு கட்டையையும் அந்த அழுத்தத்துக்கு எதிராக அழுத்த வேண்டும். இரண்டு மூன்று கட்டை வரிசைகளை இணைத்து வாசித்தால் பளு இன்னும் கூடும். சட்டத்துக்குப் பதிலாக மெல்லிய குழாய் வழியே காற்றை அனுப்பி அடைப்பானைத் திறக்கும் முறையில் விரலுக்குச் சுமை குறைந்தது. ஆனால் குழாய் நீள நீள ஒலி பிந்தியது.

பகலெல்லாம் தொலைபேசி நிலையத்தில் பார்த்த வேலையை ஹோப்-ஜோன்ஸ் அப்படியே ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். மின்சாரத்தால் இயங்கும் ஆர்கன்கள் அவருக்கு முன்பே பிரான்சில் இருந்தன என்றாலும், நம்பி வாசிக்கும்படி அவை இல்லை. அவருடைய அமைப்பில், கட்டையை அழுத்தினால் ஒரு தொடுமுனை மூடும். சிறு மின்னோட்டம் மின்காந்தத்தை எட்டும். மின்காந்தம் அசைப்பது சின்னஞ்சிறு இரும்பு வட்டை மட்டுமே, மீதி வேலையைக் காற்றழுத்தமே பார்த்துக்கொள்ளும். நான் பேனலில் அன்றாடம் பொருத்தும் ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்சுற்றை இயக்கும் சுவிட்ச்) இதையேதான் செய்கிறது. பாடகர் குழுவினரும் மற்றவர்களும் உதவ, வேலை நேரம் போக மிச்சமிருந்த பொழுதில் அவ்வாலயத்தின் ஆர்கனை அவர் மாற்றிக் கட்டினார். கட்டை வரிசைகள் இருக்கும் வாசிப்பு மேசையான கன்சோலைக் கேபிளோடு ஆலய வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துக்கூட வாசிக்க முடிந்தது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான் என்பது என் கணிப்பு. இருந்தாலும் நான் அக்கம்பக்கத்தில் இருந்திருந்தால் மதில்மேல் ஏறியாவது பார்த்திருப்பேன்.

கதையின் பிற்பாதியை உறவினர்களிடம் சொல்வதில்லை. தொலைபேசி வேலையை விட்டு முழுநேர ஆர்கன் கட்டுநரான அவர், 1896இல் உஸ்டர் பேராலயத்துக்கே ஆர்கன் கட்டினார். ஆனால் வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. 1903இல் அமெரிக்கா சென்றார். அங்கே தொடங்கிய நிறுவனமும் நொடித்து, 1910இல் வுர்லிட்சர் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. மௌனப்பட அரங்குகளில் கொடிகட்டிப் பறந்த வுர்லிட்சர் ஆர்கன்களுக்கு அவருடைய யோசனைகளே அடித்தளம். அந்தப் பொற்காலத்தைக் காணாமலே 1914இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வேலையை விட்டதுதான் அவரை வீழ்த்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொலைபேசி நிலையத்தில் காலம் கழிக்காத ஒருவருக்கு அந்த அமைப்பு அவ்வளவு எளிதில் தோன்றியிருக்காது. என் அலுவலக இழுப்பறையில், ஆர்கனில் காலால் வாசிக்கும் மிதிகட்டைகளுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய தோலடிக் காலணி எப்போதும் கிடக்கும்; தொழிற்கூடத்துப் பாதுகாப்புக் காலணியோடு மிதித்தால் கால் எந்தக் கட்டையில் இருக்கிறதென்றே தெரியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையும் வாடிக்கையாளர் முன்னிலையிலான பேனல் சோதனையும் ஒரே வாரத்தில் வந்து விழும். அதனால் விடுப்புக் கேட்டு அக்டோபரிலேயே மேலாளரிடம் போய் நின்றுவிடுகிறேன்.