விழுந்து எழுந்தால் ஒரு காயம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டான டி&டி-யில் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) நான்தான் டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவள். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். ரொம்ப நாளாக என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு: அந்த விதிகளில் ஹிட் பாயிண்ட், அதாவது பாத்திரத்தின் உயிர்பலம், பூஜ்யமாகிக் கீழே விழுவதற்கு விலையே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வாள்வீரனான ஃபைட்டரிடம் மிச்சம் 4 ஹிட் பாயிண்ட். எதிரே ஓக்ர் என்ற பூதம், அது தடியால் ஒரு போடு போட்டால் சராசரி 13. குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த கிளெரிக், ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் தன் ஆக்‌ஷனைச் செலவழித்து க்யூர் வூண்ட்ஸ் போட்டால் ஏழெட்டு ஏறும். அடுத்த அடி பட்டால் ஆள் எப்படியும் விழுவான், மந்திரமும் வீண். விழவிட்டு எழுப்பினால்? பூஜ்யத்துக்குக் கீழே போகும் சேதத்தை, ஒரேயடியாகச் சாகடிக்கும் அளவு பெரிதாக இருந்தாலொழிய, யாரும் எண்ணுவதில்லை. 60 அடி தள்ளி நின்று, கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட் மந்திரம் சொன்னால் போதும். ஃபைட்டர் பாதி நகர்வைக் கொடுத்து எழுந்து, முழு பலத்தோடு வாளை வீசுவான். "விழட்டும்க்கா, எழுப்பிக்கலாம்" என்று எங்கள் கிளெரிக் சொல்லும்போது அவள் விதியைச் சரியாகப் படித்திருக்கிறாள். ஆனால் தோழன் சாகக் கிடக்கிறான் என்ற பதற்றம் மேசையில் யாருக்கும் இல்லை. எனக்கு அந்தப் பதற்றம் வேண்டும்.

1979-இல் வந்த அட்வான்ஸ்டு டி&டி கையேட்டில், இப்படி விழுந்து பிழைத்தவர் ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. பாத்திரம் படுத்துவிட்டால் அதை ஆடுகிறவருக்கு என்ன வேலை? பலர் செய்வதுபோல, விழும் ஒவ்வொரு முறையும் ஒரு நிலை எக்ஸாஸ்ஷன் (களைப்பு) கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். 2014 அட்டவணையில் முதல் நிலை சண்டையில் அவ்வளவாக உறைக்காது, மூன்றாவது நிலையில் எல்லா அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) வந்து ஆளையே முடக்கிவிடும். அதோடு எங்கள் பார்பேரியன், முன்வரிசையில் மோதும் வீரர், பெர்சர்க்கர் வகை. வெறியெடுத்து ஆடினாலே அவருக்கு ஒரு நிலை ஏறும். முன்னால் நின்று அடி வாங்குகிறவருக்கு இரட்டைத் தண்டனை.

ஆகவே தனியாகக் 'காயம்' என்று ஒன்றை எழுதினேன். பூஜ்யத்திலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு காயம். காயத்துக்கு ஒன்று வீதம் எல்லா டி20 (இருபது முகப் பகடை) வீச்சிலும் கழியும். ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) ஹிட் டைஸ் என்னும் பகடைகளை உருட்டி ஹிட் பாயிண்ட் ஏற்றிக்கொள்வார்கள்; அவற்றில் இரண்டை உருட்டாமல் கொடுத்தால் ஒரு காயம் ஆறும், லாங் ரெஸ்டில் (நீண்ட ஓய்வில்) ஒன்று தானாகவே ஆறும். அவ்வளவுதான், ஒரு சின்ன அட்டையில் அடங்கிவிடும். ஹிட் டைஸை ரத்தத்துக்குக் கொடுப்பதா காயத்துக்குக் கொடுப்பதா என்று ஆட்டக்காரர் திணறவேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாலத்துச் சண்டையில் அது பலித்தது. ஒரு காயத்தோடு, 9 ஹிட் பாயிண்டில் நின்ற ஃபைட்டர், "அக்கா, டிஸ்எங்கேஜ் பண்ணிப் பின்னாடி வர்றேன்" என்றார். பார்பேரியன் அவர் இடத்துக்கு ஓடினார். கிளெரிக் ஆள் விழும்வரை காத்திருக்காமல் ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் என்ற காப்பு மந்திரம் போட்டாள். ஓக்ரின் அடுத்த வீச்சு அது கூட்டிய இரண்டு ஏ.சி.யில் (தற்காப்பு எண்) தவறியபோது மேசையே கத்தியது.

ஹவுஸ் ரூல் (குழுவின் சொந்த விதி) எழுதும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: பகடையைக் கையில் எடுப்பதற்கு முன் ஆட்டக்காரரை அது வேறு மாதிரி யோசிக்க வைக்கிறதா? 1 விழுந்தால் வாள் உடையும், தோழன்மேல் அம்பு பாயும் என்கிற ஃபம்பிள் அட்டவணையை எங்கள் குழுவிலும் கேட்டார்கள். நிறையப் பேருக்கு அது உயிர். நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வீச்சில் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் ஒரு சுற்றில் இரண்டு முறை வீசுகிறார், அவருக்கு ஏறக்குறைய 10 சதவீதம். இருபதாம் லெவலில் நான்கு வீச்சு, 18 சதவீதத்துக்கும் மேல். தேறத் தேற வாளைக் கோட்டைவிடுகிற வீரனா? ஃபயர்பால் போடும் விசார்டோ அதற்கு டி20-யைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்த அட்டவணைக்குப் பயந்து யாரும் வேறு முடிவு எடுக்கப்போவதில்லை. வாளை வீசித்தானே ஆகவேண்டும்.

காயத்துக்கு இப்போது ஒரு கிளை முளைத்திருக்கிறது. மெடிசின் திறமையைச் சீந்துவாரில்லையே என்று கிளெரிக் ஆதங்கப்பட்டாள், நியாயம்தான். ஷார்ட் ரெஸ்டில் அவள் மெடிசின் செக்கில் (அந்தத் திறமைக்கான டி20 வீச்சில்) ஜெயித்தால், காயம் ஆற ஒரே ஹிட் டை போதும் என்று வைக்கப்போகிறோம். டி.சி. (ஜெயிக்க எட்டவேண்டிய எண்) 15 வேண்டும் என்கிறார் பார்பேரியன். அவள் வீச்சில் 5 கூடும், பதினைந்து என்றால் 55 சதவீதம், பன்னிரண்டு என்றால் 70. மருத்துவம் படித்தவள் கை வைத்தால் பெரும்பாலும் ஆறத்தான் வேண்டும். நான் 12 பக்கம். வருகிற ஞாயிறு குகைக்குள் இறங்குவதற்கு முன் இதை முடிவு செய்துவிட வேண்டும்.