பதினொரு தட்டுகளும் இரண்டு இட்லியும்

கிருஷ்ணகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தும் எனக்கு, பதிலீட்டுப் பண்டத்துக்குக் காபியும் தேநீரும், நிரப்புப் பண்டத்துக்குக் காரும் பெட்ரோலும் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஒன்றின் விலை ஏறும்போது மற்றொன்றின் தேவை கூடினால் அது பதிலீடு, குறைந்தால் நிரப்பு. இந்தச் சோதனையை நானே ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்த்தது, எங்கள் 25-ஆம் திருமண நாளுக்காக மகன் எங்களை பெங்களூருவிலுள்ள ஒரு ஃபைன் டைனிங் உணவகத்துக்கு அழைத்துச் சென்ற அன்றுதான்.

அங்கே நாம் எதையும் கேட்டு வாங்குவதில்லை. சமையற்காரர் முடிவு செய்த பதினொரு தட்டுகள் மூன்று மணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நான்காவதாக வந்த கருங்கல் தட்டின் நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு ராகிக் களி உருண்டையும், அதைச் சுற்றி இரண்டு கரண்டி எலும்புச் சாறும் இருந்தன. அதியமான் ஆண்ட சீமைக்காரர்கள் நெல்லிக்கனி அளவைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் வீட்டில் துடுப்பு போட்டுக் களி கிண்டும் என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, இது ருசி பார்க்கக் கொடுத்ததா, சாப்பிடக் கொடுத்ததா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக் களி அந்தத் தட்டுக்குப் பதிலீடா என்றால், இல்லை. உணவகம் தன் விலையை இரட்டிப்பாக்கினாலும் அங்கே வருபவர் யாரும் அதற்காக வீட்டில் களி கிண்டப் போவதில்லை. ராகி விலை பாதியாகக் குறைந்தாலும் அந்த உணவகத்தில் ஒரு மேசை காலியாகாது. இரண்டும் ஒரே தானியம் என்பதைத் தவிர அவற்றுக்கிடையே சந்தை உறவு எதுவும் கிடையாது. உண்மையான பதிலீடு எது என்பதை மகனே போகிற போக்கில் சொன்னான்: இந்தப் பணத்துக்கு எங்களை ஏற்காட்டில் இரண்டு நாள் தங்க வைக்கலாமா என்றுதான் அவன் முதலில் யோசித்தானாம். ஆகவே அந்த உணவகத்தின் போட்டியாளர் பக்கத்துத் தெரு பிரியாணிக் கடை அல்ல, ஏற்காட்டின் விடுதி அறை. எங்கள் ஊரிலோ, பெருமையாக ஒரு நாளைக் கொண்டாட நினைப்பவர் முனியப்பன் கோயிலில் கிடா வெட்டி நூறு பேருக்கு விருந்து வைப்பார். நான்கு பேர் மட்டும் உண்ணும் விருந்துக்கு அதே பணத்தைச் செலவிட அவருக்கு மனம் வராது.

நிரப்புப் பண்டங்களின் கதை இதைவிடச் சுவையானது. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷ்லின் கையேட்டை 1900-இல் பிரான்சில் வெளியிட்டது ஒரு டயர் நிறுவனம். கார்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில், மக்கள் ஊர் ஊராகக் கார் ஓட்டினால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் விற்கும் என்பது அதன் கணக்கு. 1926-இல் நட்சத்திரம் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்த உணவகத்துக்காகவே பயணம் போகலாம் என்று பொருள். நல்ல சாப்பாட்டையும் நெடுஞ்சாலையையும் இதைவிடக் கச்சிதமாக ஒருவரும் இணைத்ததில்லை.

அப்படியானால் சென்னை, சேலம், பெங்களூருச் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் ஃபைன் டைனிங் கொழிக்க வேண்டுமே என்று தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இங்கே அப்படி ஒன்றைத் திறந்தார்; சமையலில் குறையில்லை, ஆனால் ஓர் ஆண்டுகூட ஓடவில்லை. சாலை இருந்தது, ஆனால் அதில் போகிறவர்களிடம் நேரம் இல்லை. இருபது நிமிடத்தில் தோசை தின்று கிளம்புகிறவருக்கு மூன்று மணி நேர விருந்தை எப்படி விற்பது? இன்னொன்று மது. உலகெங்கும் இத்தகைய உணவகங்கள் உணவைவிட ஒயினில்தான் அதிக லாபம் பார்க்கின்றன. தமிழ்நாட்டிலோ பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மன்றங்களுக்குமே கிடைக்கிறது. தனி உணவகம் நடத்துபவர் சாப்பாட்டை மட்டும் வைத்தே வாடகை கட்ட வேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் கர்நாடகத்தில் அந்தத் தடை இல்லை. நான் குடிப்பவன் அல்லன். கணக்கு மட்டும் சொல்கிறேன்.

நிரப்புப் பண்டங்கள் அறுந்துபோனால் பெரிய பெயரும் உதவாது என்பதை 2020 காட்டியது. ஊரடங்குக்குப் பிறகு அந்த மே மாதம் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலுள்ள புகழ்பெற்ற நோமா உணவகம் மீண்டும் திறந்தபோது, பர்கரும் ஒயினும் விற்கும் திறந்தவெளிக் கடையாகத்தான் திறந்தது. வெளியூர்ப் பயணிகளும் விமானமும் இல்லாத ஊரில் இருபது தட்டு விருந்தை யாருக்குப் பரிமாறுவது?

அன்றிரவு திரும்பும் வழியில், பதினொன்றரை மணிக்குச் சூளகிரி தாண்டி ஒரு கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மனைவி. ஆளுக்கு இரண்டு இட்லி, தண்ணீராய் ஒரு சாம்பார். மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி, இட்லி அந்த விருந்துக்குப் பதிலீடா, நிரப்பா என்று கேட்டேன். "நிரப்புதான் சார், வயித்தை நிரப்பியிருக்கு" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.