எஞ்சினை விட எடைதான் முக்கியம்

எங்கள் பழைய பெட்ரோல் மோட்டார்ஹோமை, அதாவது சக்கரத்தில் ஓடும் வீட்டை, கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கப் போகிறோம். அமெரிக்காவில் இந்த வகையில் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேசிஸ்தான்; வீட்டைத் தாங்கும் அடிச்சட்டம் அது. 6.8 லிட்டர் வி10 எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது 7.3 லிட்டர் வி8. எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது சேசிஸ் தாங்கும் மொத்த எடையை. 18,000 பவுண்டு சேசிஸில் 19.5 அங்குலச் சக்கரம். 22,000-க்குப் போனால் 22.5 அங்குலம். சேசிஸ்மேல் வீட்டை ஏற்றிய பிறகு, சாமானுக்கு மிச்சம் எவ்வளவு எடை என்பதுதான் கேள்வி. ஒரு கேலன் தண்ணீரே எட்டு பவுண்டுக்கு மேல். தொட்டி நிறைய நீர், மனைவியின் கிரைண்டர், அரிசி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள்கள்... கொலராடோ மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக் தாங்க வேண்டுமே! எவ்வளவு எடை ஏற்றலாம் என்று சொல்லும், கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படிக்காமல் முன்பணம் தர மாட்டேன். விலை கூடினாலும் சரி, எனக்கு 22,000தான்.